அக்வாவுக்கு இன்ஜெக்டர் கிளீனர் ஊத்தலாமா? 92, 95, டீசல் மருந்து, தண்ணிப் பிரச்சினை எல்லாம் இங்கயே கதைப்பம்

#1 கோட்டைவீதி
2014 டொயோட்டா அக்வா ஹைபிரிட், 132,000 கிலோமீற்றர். ஓட்டம் முழுக்க திருகோணமலை ரவுணுக்குள்ளதான்: ஓர்ஸ்ஹில், உட்துறைமுக வீதி, அனுராதபுரச் சந்தி, திரும்ப வீடு. ஒரு தரம் 4 கிலோமீற்றருக்கு மேல போறதில்ல. முந்தி லீற்றருக்கு 21 காட்டினது, இப்ப 17. என்ஜின் லைட் எரியேல்ல, மிஸ் அடிக்கவும் இல்ல. சாமான் கடையில மூண்டு போத்தல் காட்டினாங்க: ஒண்டு இன்ஜெக்டர் கிளீனர், ஒண்டு ஒக்டேன் பூஸ்டர், மற்றது "முழு ஃபியுவல் சிஸ்டத்துக்கும்" எண்டு போட்டிருக்கு. எதை எவ்வளவு ஊத்திறது? 95 அடிச்சா இதொண்டும் தேவையில்லையா?

#2 உப்புவெளி_ஸ்பனர்
தம்பி, போத்தலின்ர முன்பக்கத்தைப் பாக்காதீங்க, பின்பக்கத்தைப் பாருங்க. முன்னுக்கு எல்லாரும் ஒரே பொய்தான் எழுதுவாங்க.

பெற்றோல் காருக்கு உண்மையா வேலை செய்யிற கழுவுற சாமான் முக்கியமா ரெண்டு வகை. ஒண்டு பாலிஈதர் அமீன், சுருக்கமா பிஈஏ. மற்றது பாலிஐசோபியூட்டிலீன் அமீன். ரெண்டாவது இன்ஜெக்டர் வாயையும் இன்டேக் வால்வின்ர முதுகையும் சுத்தமா வைக்கும். ஆனா எரியறைக்குள்ள போனா முழுசா எரியாமத் தானே கொஞ்சம் படிவு விடும். பிஈஏ அந்தச் சூட்டையும் தாங்கி, பிஸ்டன் தலையில கிடக்கிற கரியையும் இளக்கும். அதால பின்பக்கத்தில பிஈஏ எண்டு எழுதியிருக்கிறதைத்தான் எடுக்க வேணும். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எங்கயும் எழுதாமல், "பெற்றோலியக் கரைப்பான்" எண்டு மட்டும் போட்டிருந்தா அது பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்குப் பக்கத்து வீட்டுக்காரன். வச்சிட்டு வாங்க.

ஒக்டேன் பூஸ்டரைத் தொடவே வேணாம். ஏன் எண்டு 13மிமீ சொல்லுவார், அவருக்குத்தான் இரசாயனம்.

#3 13மிமீ
சொல்கிறேன். ஜப்பானின் தர அளவையில் சாதாரண பெற்றோலுக்கு ஆகக் குறைந்த ஒக்டேன் 89, உயர்தரத்துக்கு 96. அக்வா, வகன்ஆர், அக்சியோ, விட்ஸ் எல்லாம் அங்கே அந்தச் சாதாரண பெற்றோலுக்கென்று செய்யப்பட்டவை. இங்கே நமக்குக் கிடைக்கும் ஆகக் குறைந்ததே 92. அக்வாவின் அமுக்க விகிதம் 13.4 என்று பார்த்துப் பயந்து 95 அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது அட்கின்சன் சுழற்சி என்ஜின். இன்டேக் வால்வு பிந்தி மூடுவதால் உள்ளே உண்மையில் அமுக்கப்படும் காற்று அந்த எண் சொல்வதைவிடக் குறைவு. 92 போதும்.

95 என்பது கழுவும் மருந்தும் அல்ல. ஒக்டேன் என்பது தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன், அவ்வளவுதான். ஏற்றத்தில் என்ஜின் "கிணிங் கிணிங்" என்று அடித்தால், அல்லது பெற்றோல் மூடிக்கு உள்ளே "குறைந்தது 95" என்று எழுதியிருந்தால் (ஐரோப்பிய டர்போ கார்கள் பலவற்றில் அப்படித்தான்) 95 அடியுங்கள்.

பூஸ்டரில் ஒரு கணக்கு விளையாட்டு இருக்கிறது. "30 புள்ளி கூடும்" என்று எழுதுவார்கள். அவர்கள் கணக்கில் ஒரு புள்ளி என்றால் 0.1 ஒக்டேன். 30 புள்ளி என்றால் 92 போய் 95 ஆகும், 122 ஆகாது. அதற்குப் பேசாமல் 95ஐயே அடித்துவிடலாம். பாதிக்குப் பாதி கலந்தாலும் ஏறக்குறைய 93.5 வரும்.

உள்ளே பெரும்பாலும் இருப்பது எம்எம்டி என்ற மங்கனீஸ் சேர்வை, அல்லது ஃபெரசீன் என்ற இரும்புச் சேர்வை. இரண்டும் எரிந்த பிறகு உலோக ஒக்சைட்டாக மிஞ்சும். பிளக்கைக் கழற்றினால் பீங்கான் முனை செங்கல் பொடி பூசியதுபோல் இருக்கும். இரும்புப் படிவு மின்சாரம் கடத்தும். பொறி இடைவெளியில் பாயாமல் பீங்கான் வழியே நழுவிவிடும், மிஸ் அடிக்கும். மிச்சம், புகையின் நச்சைக் குறைக்கும் கட்டலிற்றிக் கொன்வேட்டரில் போய் ஒட்டும். மருந்து நிறுத்தினாலும் அது இறங்காது.

#4 நிலாவெளி_ஓட்டோ
ஒரு கேள்வி இடையில. ஸ்டாண்டில சில பேர் ஓட்டோவுக்குப் பூச்சி உருண்டை போடுறாங்க, ரேங்குக்கு ரெண்டு. பிக்கப் கூடுதாம். 4 ஸ்ட்ரோக் வண்டி, 8 லீற்றர் ரேங்க். மண்ணெண்ணெயும் கொஞ்சம் கலக்கிறாங்க.

#5 13மிமீ
பூச்சி உருண்டை நப்தலீனாக இருந்தால் பெற்றோலில் கரையும், ஒக்டேனும் சொற்பம் கூடும், பொய்யில்லை. கோளாறு வேறு இடத்தில். கார்புரேற்றர் கிண்ணத்தில் பெற்றோல் ஆவியாகும்போது நப்தலீன் அதே வேகத்தில் போகாது, பின்னுக்கு நின்று மணி மணியாகத் திரும்பவும் கட்டியாகும். ஸ்லோ ஜெட்டின் துளை ஊசிமுனையளவு. அதில் ஒரு மணி போதும். காலையில் ஸ்டார்ட் எடுக்காது. சில உருண்டைகள் நப்தலீனே இல்லை, குளோரின் உள்ள வேறு சாமான். அது எரிந்தால் அமிலம்.

#6 உப்புவெளி_ஸ்பனர்
மண்ணெண்ணெய் கடல் வள்ளத்து என்ஜினுக்கு. அந்த அவுட்போர்ட் அதுக்கெண்டே அமுக்கம் குறைச்சுச் செய்தது. ஓட்டோவுக்கு ஊத்தினா ஒக்டேன் விழும், நொக்கிங் வரும். எரியாமல் மிஞ்சிறது சிலிண்டர் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழ இறங்கும். ஒயில் குச்சியை எடுத்து மணந்து பாத்தாலே தெரியும். தண்ணியா ஓடும், மண்ணெண்ணெய் வாசம் வரும்.

வாங்கின பெற்றோலில சந்தேகம் இருந்தா வெள்ளைக் கடதாசியில ஒரு சொட்டு விடுங்க, நிழலில காய விடுங்க. நல்ல பெற்றோல் கொஞ்ச நேரத்தில அடையாளமே இல்லாமப் போயிடும். எண்ணெய் வட்டம் மிஞ்சினா மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருக்கு.

#7 கோட்டைவீதி
நன்றி அண்ணா. அப்ப பிஈஏ போத்தல் ஒண்டு. லேபலில 355 மி.லீ., 45 லீற்றர் வரைக்கும் எண்டு கிடக்கு. என்ர ரேங்க் 36. முழுப் போத்தலும் ஊத்தலாமா?

#8 உப்புவெளி_ஸ்பனர்
கணக்குப் போட்டு ஊத்துங்க. 355ஐ 45ஆல வகுத்தா லீற்றருக்கு 7.9 மி.லீ. அக்வா 36 லீற்றர் எண்டா 284. வகன்ஆர் 27 லீற்றர், அதுக்கு 213. மேல கேட்ட தம்பியின்ர ஓட்டோவுக்கு 63. பெரிய ஊசிச் சிரிஞ்சால அளந்து எடுக்கலாம். மருந்துக் கோப்பை மெல்லிய பிளாஸ்டிக், சிலது இளகும்.

கொஞ்சம் கூடினா என்ஜின் செத்துப் போகாது. ஆனா பிஈஏ முழுசா எரியாது, ஒரு பங்கு றிங்கைத் தாண்டி ஒயிலுக்குள்ள இறங்கும். அதால நேரம் பாத்து ஊத்த வேணும். 5,000இல ஒயில் மாத்திறீங்க எண்டா, 4,500இல ஊத்துங்க. 36 லீற்றரில கால் பங்கு மிஞ்ச 27 லீற்றர், லீற்றருக்கு 17 படி ஏறக்குறைய 460 கிலோமீற்றர் ஓடும். அது முடிய ஒயில் மாத்து. சேர்விஸ் முடிஞ்ச அடுத்த நாள் புது ஒயிலுக்குள்ள இதை இறக்கிறது காசைக் கரியாக்கிற வேலை.

ஊத்திற முறை: ரேங்க் காலுக்கு வந்த பிறகு முதல்ல மருந்து, பிறகு பெற்றோல். அடிக்கிற வேகத்திலயே கலந்திடும். முழு ரேங்குக்கு மேல ஊத்தினா கழுத்துக் குழாய்க்குள்ள நிண்டுபோகும். அந்த ரேங்கைக் கால் வரைக்கும் ஓடி முடியுங்க, இடையில திரும்ப அடிச்சு ஐதாக்க வேணாம். ஆனா கடைசிச் சொட்டு வரைக்கும் வறட்டவும் கூடாது. பம்ப் ரேங்குக்குள்ள இருக்கு, அதைக் குளிர வைக்கிறதே பெற்றோல்தான்.

இன்னொண்டு. இந்த ரேங்கை ஓர்ஸ்ஹில்லுக்கும் சந்திக்கும் இடையில ஓடி முடிச்சா பாதிப் பலன்தான். ஹைபிரிட்டில என்ஜின் அடிக்கடி நிண்டு நிண்டு வேலை செய்யும், 4 கிலோமீற்றரில சூடேறவே மாட்டுது. ஒருக்கா ஹபரணை போய் வாங்க. ஒரு வழி ஏறக்குறைய 85 கிலோமீற்றர், கந்தளாய் தாண்டினா நல்ல ஓட்டம். கரி இளகிறது அந்தச் சூட்டிலதான்.

#9 கிண்ணியா_வான்
நாநா, டீசலுக்கும் சொல்லுங்க. டொயோட்டா கேடிஎச் வான், 2கேடி டீசல் என்ஜின், 70 லீற்றர் ரேங்க். குளிர் ஸ்டார்ட்டில டக்டக் சத்தம். கடையில சீட்டேன் மருந்து தாறாங்க. பழைய டொல்பின் வான்காரர் 2 ஸ்ட்ரோக் ஒயில் ஊத்தச் சொல்றார்.

#10 13மிமீ
சீட்டேன் கூட்டும் மருந்து அநேகமாக 2-எதைல்ஹெக்சில் நைத்திரேற்று. லீற்றருக்கு அரை முதல் ஒரு மி.லீ. போதும், 70 லீற்றருக்கு 35 முதல் 70. டீசலைப் பொறுத்து 2 முதல் 5 வரை சீட்டேன் கூடும். அதற்கு மேல் ஊற்ற ஊற்றப் பலன் சுருங்கிக்கொண்டே போகும். சீட்டேன் கூடினால் டீசல் சீக்கிரம் பற்றும், குளிர் சத்தமும் வெள்ளைப் புகையும் குறையும். சத்தம் மருந்து ஊற்றிய நாளில் குறைந்து அடுத்த ரேங்கில் திரும்பினால் காரணம் டீசல். குறையவே இல்லை என்றால் இன்ஜெக்டர்.

அந்த மருந்தை வெயிலில் நிற்கும் வானுக்குள் வைக்காதீர்கள், சூட்டில் சிதையும் பொருள். மூடிய இடத்தில் ஊற்றினால் ஆவியே தலையிடி தரும்.

#11 உப்புவெளி_ஸ்பனர்
2கேடிக்கு முதல்ல ஸ்கேன் போட்டு இன்ஜெக்டர் ஃபீட்பேக் அளவைப் பாருங்க (என்ஜின் கணினி, அதான் ஈசியூ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கிற அளவு). சூடான என்ஜின், ஸ்லோவில, நாலு சிலிண்டருக்கும் நாலு எண் வரும். கூட்டல் கழித்தல் 3க்குள்ள நிண்டா நல்லம். ஒண்டு மட்டும் தனியா 4, 5 எண்டு போனா அந்த இன்ஜெக்டர் தேஞ்சிட்டுது. தேஞ்சதை எந்தப் போத்தலும் வளர்க்காது. அழுக்கெண்டால் மட்டும்தான் மருந்து. புது இன்ஜெக்டர் போட்டா அதின்ர தலையில இருக்கிற குறியீட்டு எண்ணை ஈசியூவில பதியச் சொல்லுங்க. அதைப் பதியாமல் விட்டிட்டுச் சத்தத்துக்கு மருந்து தேடுறவை கனபேர்.

2 ஸ்ட்ரோக் ஒயில் கதை சும்மா பிறந்ததில்ல. டொல்பின் 3எல் என்ஜினில இருக்கிறது றோட்டரி பம்ப், அதுக்கு மசகே டீசல்தான். கந்தகம் குறைக்கிற சுத்திகரிப்பில டீசலின்ர வழுவழுப்பும் சேர்ந்து போகும். ஐரோப்பியத் தரத்தில இதுக்கெண்டே தேய்மானச் சோதனை இருக்கு, தழும்பு 460 மைக்ரோனுக்கு மேல போகக் கூடாது. பெற்றோல் செட்டில வாற நல்ல டீசலில அதுக்கான மருந்து ஏற்கெனவே போட்டுத்தான் வரும். பழைய பம்ப்புக்கு 200க்கு 1 ஊத்தினா, அதாவது லீற்றருக்கு 5 மி.லீ., கெடுதல் இல்ல. கொமன் ரெயிலுக்கு, அதாவது உங்கட 2கேடி மாதிரி உயர் அழுத்தத்தில பீச்சிற என்ஜினுக்கு, நான் சொல்லமாட்டன். அந்த ஒயில் பெற்றோலோட எரியச் செய்தது, சாம்பல் விடும். வழுவழுப்பு வேணுமெண்டா டீசலுக்கெண்டே விக்கிறதை வாங்குங்க.

#12 சீனன்குடா_சந்தி
99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற ஊரில இருந்துகொண்டு எல்லாரும் மருந்தைப் பற்றியே கதைக்கிறீங்க, தண்ணியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. ஐப்பசியில வாடை தொடங்கி மழை விழுந்தா இங்க கராஜுக்கு வாற "இன்ஜெக்டர் கோளாறில" நல்ல பங்கு தண்ணி.

ரேங்குக்குள்ள காற்று வியர்த்துத் தண்ணியாகுது எண்டு சொல்றது மிகைப்படுத்தல். மூடி நல்லா இருந்தா ஒரு வருசத்துக்கும் சில சொட்டுத்தான். பெரிய அளவில வாறது செட்டின்ர நிலத்தடித் தாங்கி மூடி வழியா. அதைவிட, பவுசர் வந்து இறக்கிக்கொண்டிருக்கேக்க அடியில படிஞ்ச தண்ணியும் துருவும் கலங்கும். பவுசர் நிக்கிறதைக் கண்டா அந்த நேரம் அடிக்காமல் போங்க, ஒரு மணித்தியாலம் கழிச்சு வாங்க.

சோதிக்கிற முறை: வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில அரை லீற்றர் எடுத்து, மூடி, நிழலில அரை மணித்தியாலம் அசைக்காமல் வைங்க. தண்ணி இருந்தா அடியில தனிக் குமிழாக் கிடக்கும். கண்ணுக்குப் பிடிபடாட்டி ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போடுங்க. அது பெற்றோலிலயும் கரையாது டீசலிலயும் கரையாது, தூளாகவே கீழ போகும். தண்ணி இருந்தா மட்டும் அந்த இடம் செம்மஞ்சளாகும். சோதிச்ச எண்ணெயைத் திரும்ப ரேங்கில ஊத்தாதீங்க.

#13 கிண்ணியா_வான்
தண்ணி வந்திட்டா? அல்கஹோல் போத்தல் ஒண்டு விக்கிறாங்க, தண்ணியை உறிஞ்சுமாம்.

#14 சீனன்குடா_சந்தி
பெற்றோலுக்குச் சரி, டீசலுக்கு வேணாம். அல்கஹோல் தண்ணியைத் தன்னோட கரைச்சுக்கொண்டு இன்ஜெக்டர் முனை வரைக்கும் கொண்டுபோகும். கொமன் ரெயிலில அந்த முனையில அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல, அங்க தண்ணி ஆவியானா உலோகம் பிஞ்சு போகும். வழுவழுப்பும் குறையும். டீசலில தண்ணியைக் கரைக்கக் கூடாது, பிரிச்சு எடுக்க வேணும்.

கேடிஎச்சில டீசல் பில்டருக்கு அடியில வடிகால் திருகு இருக்கு. கீழ ஒரு கிண்ணம் வச்சு, திருகை ஒண்டு ஒண்டரைச் சுற்றுத் தளத்துங்க, மேல இருக்கிற கைப்பம்பை அமத்துங்க. தண்ணி முதல்ல வரும், பிறகு தெளிஞ்ச டீசல் வரும், உடன இறுக்குங்க. கையால போதும், ஸ்பனர் போட்டா பிளாஸ்டிக் புரி போயிடும். பிறகு பம்ப் கல்லு மாதிரி இறுகும் வரைக்கும் அமத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. வாடைக்காலத்தில மாதம் ஒருக்கா, மற்ற நாளில ஒயில் மாத்தேக்க. டாஷ்போர்ட்டில பில்டர் லைட் வந்தா அடுத்த சந்தி வரைக்கும் எண்டு இழுக்காதீங்க.

வடிச்ச தண்ணியில கறுப்புச் சளி மாதிரி வந்தா அது கிருமி. தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவில வளரும். அதுக்குத்தான் பயோசைட் எண்டு தனி மருந்து, அதுவும் தண்ணியை வடிச்ச பிறகு. செத்த சளி பில்டரை அடைக்கும், அதால ஒரு பில்டர் கையில வச்சுக்கொண்டு ஊத்துங்க.

புது பில்டருக்குள்ள மருந்து நிரப்பிப் பூட்டிற வழக்கமும் இருக்கு. சுத்தி முறுக்கிற பில்டர் எண்டா சுற்றிவர இருக்கிற சின்னத் துளைகளுக்குள்ள மட்டும் ஊத்துங்க. நடுத்துளை சுத்தப் பக்கம். அதுக்குள்ள ஊத்தினா புனலில இருந்த மண்ணும் நேர இன்ஜெக்டருக்குத்தான்.

#15 13மிமீ
பெற்றோலுக்கு அல்கஹோல் என்றால் ஐசோபுரோப்பைல், 99 வீதம். மருந்துக் கடையில் விற்கும் 70 வீதத்தில் மிச்சம் 30 வீதமும் தண்ணி, அதை ஊற்றினால் சிரிப்புத்தான். லீற்றருக்கு 5 முதல் 10 மி.லீ. அது சில பத்து மி.லீ. தண்ணிக்குத்தான் தாங்கும். அரைக் கோப்பை தண்ணி போயிருந்தால் ரேங்கை இறக்கியே ஆக வேண்டும்.

கான்களில் சேமித்த பழைய பெற்றோல் பற்றியும் ஒரு வரி. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து கியூஆர் வரிசையில் நின்ற காலத்தில் பிடித்த பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஸ்டெபிலைசர் புதுப் பெற்றோலைக் கெடாமல் காக்கும், கெட்டதைத் திருப்பாது. கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி வெக்கையில் கானைத் திறந்து மூடும் ஒவ்வொரு தரமும் முதலில் போவது சுலபமாகப் பற்றும் பங்கு. நிறம் தேயிலைச் சாயமாகி, வார்னிஷ் வாசம் வந்தால் காருக்கு ஊற்ற வேண்டாம்.

#16 மூதூர்க்கரை
ஹொண்டா வெசல் ஹைபிரிட்டுக்கும் இதே பிஈஏ கணக்கா? 40 லீற்றர்.

#17 உப்புவெளி_ஸ்பனர்
அளவு 316 மி.லீ. ஆனா எதிர்பார்ப்பைக் குறையுங்க. வெசல் நேரடியா சிலிண்டருக்குள்ள பீச்சிற என்ஜின். பெற்றோல் இன்டேக் வால்வில படவே படாது, படாததை எப்பிடிக் கழுவும்? இன்ஜெக்டர் முனைக்கும் பிஸ்டன் தலைக்கும் பலன் உண்டு. வால்வுக் கரிக்கு மெனிபோல்டைக் கழற்றி வோல்நட் கோதுத்தூள் அடிச்சு எடுக்கிறதுதான் வழி. அக்வா, பிரியஸ் ஈஜிஆர் கூலர் (புகையைக் குளிர வச்சுத் திரும்ப என்ஜினுக்குள்ள விடுற பாகம்) கரியும் அப்பிடித்தான். ரேங்கில ஊத்திறது அந்தப் பாதையால போறதே இல்ல. கழற்றித்தான் கழுவ வேணும்.

#18 13மிமீ
கோட்டைவீதிக்கு: மருந்து வாங்கும் முன் உங்கள் காருக்கு அது தேவையா என்று பார்த்துவிடலாமே. காரின் சோதனைச் சொருகியில் குத்தும் புளூடூத் ஓபிடி துண்டு ஒன்று, தொலைபேசியில் ஒரு செயலி. பார்க்க வேண்டியது லோங் டேர்ம் ஃபியுவல் டிரிம், அதாவது ஈசியூ பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் வீதம். இன்ஜெக்டர் அடைத்தால் ஈசியூ ஈடுகட்டக் கூடுதல் நேரம் திறக்கும், எண் கூட்டலில் ஏறும். 10 வீதம் தாண்டினால் தேடத் தொடங்குங்கள். ஸ்லோவில் கூடி, வேகத்தில் குறைந்தால் காற்று எங்கோ கசிகிறது. வேகத்திலும் அப்படியே நின்றால் இன்ஜெக்டர், பம்ப், அல்லது காற்றளவி அழுக்கு.

அக்வாவில் என்ஜின் தானாக நின்றுவிடும் என்பதால் பராமரிப்பு நிலைக்குப் போட வேண்டும். பிரேக் மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தரம் அமத்தி ஒன் நிலைக்கு வாருங்கள். 60 வினாடிக்குள்: பார்க்கில் அக்சிலேற்றரை முழுதாக இரண்டு தரம் மிதியுங்கள், நியூட்ரலில் இரண்டு தரம், திரும்பப் பார்க்கில் இரண்டு தரம். திரையில் பராமரிப்பு நிலை என்று வரும். பிறகு பிரேக் மிதித்து ஸ்டார்ட். என்ஜின் நிற்காமல் ஓடும். அந்த நிலையில் காரை ஓட்ட வேண்டாம். பவரை நிறுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

#19 கோட்டைவீதி
பாத்தன். சூடான என்ஜின். ஸ்லோவில கூட்டல் 3.1, மிதிச்சா 2.3. ஏர் பில்டர் போன சேர்விஸில மாத்தினது.

#20 13மிமீ
இன்ஜெக்டர் சுத்தம். போத்தலை வாங்க வேண்டாம்.

#21 உப்புவெளி_ஸ்பனர்
அப்ப 17க்குக் காரணம் வெளிய. காலையில குளிர் ரயரில காற்றைக் கதவுச் சட்டத்து ஸ்டிக்கர் அளவுக்குப் பாருங்க. பின் சீற்றுப் பக்கத்தில இருக்கிற பட்டரி விசிறியின்ர காற்று வாயில தூசு அடைச்சிருக்கா எண்டும் பாருங்க. பட்டரி சூடேறினா மின்சார ஓட்டம் குறைஞ்சு என்ஜின் கூட வேலை செய்யும். பிறகு ஒரு 5 கிலோமீற்றர் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓடி நிப்பாட்டி, நாலு ரிம்முக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோங்க, தொட வேணாம்.

#22 கோட்டைவீதி
ரயர் 27, 28 பிஎஸ்ஐ நிண்டது, சரிப்படுத்தினன். விசிறி வலையில தூசு கொஞ்சம். முன் இடது ரிம் மட்டும் மற்ற மூண்டையும் விட நல்ல சூடு.

#23 உப்புவெளி_ஸ்பனர்
பிடிச்சிட்டம். பிரேக் கலிப்பரின்ர வழுக்குப் பின் (கலிப்பரை நகர விடுற ஊசி) இறுகியிருக்கு, கடற்கரை ஊரில உப்புக் காற்றுக்கு இது வழமை. ஜக் போட்டு நியூட்ரலில சில்லைக் கையால சுத்திப் பாருங்க, அரைஞ்சு நிக்கும். ரெண்டு பின்னையும் இழுத்தெடுத்து, துருவை நைஸ் எமெரியால துடைச்சு, சிலிக்கோன் பிரேக் கிறீஸ் மெல்லிசாப் பூசுங்க. சாதாரண மஞ்சள் கிறீஸ் பூசாதீங்க, றப்பர் ஊதிப் பின் இன்னும் இறுகும். றப்பர் உறை கிழிஞ்சிருந்தா அதையும் மாத்துங்க, இல்லாட்டி அடுத்த வாடைக்கு இதே வேலை திரும்ப வரும்.